புது கவச கெளுத்திய கண்டுபிடிச்சு பேர் வைக்கிறது எப்படி? கோரிடோரஸ வச்சு ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டுல மீன் தொட்டி வச்சிருக்கவங்களுக்கு கோரிய, அதாவது கோரிடோரஸ, தெரியாம இருக்காது. சென்னை கொளத்தூர்ல எந்தக் கடைக்குள்ள நுழைஞ்சாலும் பாக்கலாம், தொட்டி அடில மணல மீசையால துழாவிக்கிட்டே இருக்கும், திடீர்னு விர்ருனு மேல போய் ஒரு வாய் காத்த முழுங்கிட்டு திரும்ப கீழ வந்துரும், அந்தக் காத்துல இருக்குற ஆக்சிஜன குடல் வழியாவே உறிஞ்சிக்கும். அந்த குட்டி மீனோட சொந்த ஊரு தென் அமெரிக்கா. ட்ரினிடாட்ல ஆரம்பிச்சு அர்ஜென்டினா வரைக்கும் ஓடையிலயும் ஆத்தங்கரை மணல்லயும் இருக்கு. செதில் கிடையாது, அதுக்கு பதிலா ஒவ்வொரு பக்கமும் ரெண்டு வரிசை எலும்புத் தகடு, ஓடு வேய்ஞ்ச மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்கும். அதனாலதான் கவச கெளுத்தினு பேரு.

இதுல விஞ்ஞானப் பேரோட இருக்குற ஸ்பீஷீஸே (தனித்தனி இனமே) 170-க்கு மேல. பேரே இல்லாம சி நம்பர், சிடபிள்யூ நம்பர்னு வெறும் நம்பர வச்சு விக்கிற மீனும் ஏகப்பட்டது. சி நம்பர் 1993-ல ஒரு ஜெர்மன் மீன் வளர்ப்புப் பத்திரிகை ஆரம்பிச்சு வச்சது. நம்பர் குடுத்துட்டா ஆளுங்க பேசிக்க வசதியா இருக்கும், ஆனா அது பேர் ஆகாது. ஒரு மீனுக்கு முறையா பேர் வைக்கணும்னா என்னென்ன செய்யணும்னு தொட்டி வளர்க்குற நண்பர்களும் விலங்கியல் படிக்கிற பசங்களும் என்கிட்ட அடிக்கடி கேக்குறாங்க, நான் பிரேசில்ல ஒரு மீன் லேப்ல இந்த வேலை பாத்தவன்ங்கிறதால எனக்குத் தெரிஞ்சத ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன்.

முதல்ல ஒண்ணு: கலர நம்பாதீங்க

எல்லாரும் தடுக்கி விழுற இடம் இதுதான். "இந்த டிசைன்ல கோரி பாத்ததே இல்ல, கண்டிப்பா புது ஸ்பீஷீஸ்"னு ஆரம்பிப்பாங்க. கோரி விசயத்துல கலர் மாதிரி ஏமாத்துறது வேற எதுவும் கிடையாது.

அமேசான்ல கலக்குற ரியோ நீக்ரோ ஆத்தோட மேல் பகுதிய எடுத்துக்கங்க. அங்க அடோல்ஃபோய்னு ஒரு மீன், 1982-ல பேர் வச்சது. வெளிர் உடம்பு, கண்ணுல கருப்புப் பட்டை, முதுகு துடுப்புக்கு முன்னாடி ஆரஞ்சு திட்டு, முதுகு மேல ஒரு கருப்புக் கோடு. அடுத்த வருசமே அதே பகுதிலேர்ந்து இமிடேட்டர்னு ஒண்ணுக்கு பேர் வச்சாங்க, அச்சு அசல் அதே டிசைன், ஆனா மூஞ்சி நீளம். ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி தெரியும், ஆனா நெருங்கின சொந்தமே கிடையாது, இன்னிக்கு ரெண்டும் வேற வேற ஜீனஸ்ல (பேரினத்துல) இருக்கு. அப்புறம் 1995-ல டூப்ளிகேரியஸ் வந்துச்சு, இதுவும் அடோல்ஃபோய் மாதிரியேதான், முதுகுக் கோடு மட்டும் கொஞ்சம் அகலம், ஆனா மார்பு துடுப்பு முள்ளத் தொட்டுப் பாத்தா அதுல இருக்குற ரம்பப் பல்லு இன்னும் பெருசு, முரடு.

ஏன் இப்படி ஒரே யூனிஃபார்ம் போட்டுக்குதுன்னா, கோரிக்கு மார்பு முள்ளுகிட்ட விசச் சுரப்பி இருக்கு. முள்ளும் விசமும் உள்ள மீனுங்க எல்லாம் ஒரே டிசைன்ல இருந்தா, கடிக்க வர்ற மீனு ஒரு தடவ பட்டாலே எல்லாத்தையும் விட்டு ஒதுங்கிரும். 2011-ல நேச்சர் ஜர்னல்ல வந்த ஒரு ஆய்வு இத விரிவா காட்டுச்சு, ஒரே இடத்துல ஒரே டிசைன்ல திரியுற கோரிங்க பெரும்பாலும் வேற வேற கிளையச் சேந்தது, மூஞ்சி நீளமும் திங்கிற சாப்பாடும் வேற வேற. இதுக்கு நேர் எதிராவும் நடக்கும், ஒரே ஸ்பீஷீஸ்ல குட்டிக்கு ஒரு டிசைன், வளந்ததுக்கு வேற டிசைன். ஸ்கிளிரோமிஸ்டாக்ஸ் ஜீனஸ்ல ஆணுக்கும் பொண்ணுக்குமே பாக்க அவ்ளோ வித்தியாசம் இருக்கும். அதனால கலர் உங்களுக்கு சந்தேகத்தக் கிளப்பட்டும், தப்பில்ல, தீர்ப்ப மட்டும் எலும்புகிட்ட கேளுங்க. இந்த வழிகாட்டி முழுக்க நான் சொல்லப் போறது அதுதான்.

படிப்பு வேலை

வலைய தூக்குறதுக்கு முன்னாடி நூலகம். கலிஃபோர்னியா அகாடமி ஆஃப் சயின்சஸ் நடத்துற எஷ்மயர் மீன் கேட்டலாக் ஆன்லைன்ல ஓசிலயே இருக்கு. அதுல ஒவ்வொரு பேரா தேடுங்க, இப்ப செல்லுபடி ஆகுற பேரு மட்டும் போதாது, இணைப்பெயரா தள்ளி வச்ச பழைய பேரும் வேணும், ஏன்னா நீங்க புதுசுனு நினைக்கிற மீனுக்கு 100 வருசத்துக்கு முன்னாடியே யாராவது பேர் வச்சு அது தூங்கிட்டு இருக்கலாம். அப்படி இருந்தா பழைய பேருக்குத்தான் முன்னுரிமை.

எல்லாருக்கும் தெரிஞ்ச வெண்கல கோரிய எடுத்துக்கங்க. தியோடர் கில் 1858-ல ட்ரினிடாட் மீன வச்சு ஈனியஸ்னு பேர் வச்சாரு. அதுக்கப்புறம் தென் அமெரிக்கால எங்க வெண்கல நிறத்துல கோரி கிடைச்சாலும் ஈனியஸ்னே எழுதிட்டாங்க. அமேசான்ல இருக்குற வெண்கல கோரி புதுசுன்னு நீங்க சொல்லணும்னா முதல்ல ட்ரினிடாட் மீன் எப்படி இருக்கும்னு தெரிஞ்சிருக்கணும், அதோட அமேசான் மீனுக்கு இடையில வச்ச பேருங்க எதுவும் பொருந்தலனும் காட்டணும். இந்த ரெண்டாவது பாதிய விட்டுட்டு எழுதுறவங்கதான் அதிகம்.

இன்னொரு முக்கியமான விசயம், 2024-ல கோரிங்களோட துணைக்குடும்பத்துல ஜீனஸ் எல்லாத்தையும் மாத்தி அடுக்கிட்டாங்க. முன்னாடி முக்காவாசி மீன் கோரிடோரஸ்தான், இப்ப அஸ்பிடோரஸ், ப்ரோக்கிஸ், கோரிடோரஸ், காஸ்ட்ரோடெர்மஸ், ஹாப்லிசோமா, ஆஸ்டியோகாஸ்டர், ஸ்கிளிரோமிஸ்டாக்ஸ்னு 7 ஜீனஸ். நம்ம பாண்டா கோரி இப்ப ஹாப்லிசோமா பாண்டா. கடைக்காரங்க இன்னும் பழைய பேரத்தான் சொல்றாங்க, பேச்சுல அது பரவாயில்ல, பேப்பர் எழுதும்போது உங்க மீன் எந்த ஜீனஸ்ல விழுதுங்கிறது தெளிவா இருக்கணும், ஏன்னா எந்தெந்த மீனோட ஒப்பிடணும்னு முடிவு பண்றதே அதுதான்.

பர்மிட், வலை, வாளி

பிரேசில்ல மீன் பிடிக்கணும்னா சிஸ்பியோங்கிற அரசு ஆன்லைன் அமைப்பு வழியா அனுமதி வாங்கணும், மரபணு வேலைக்கு சிஸ்ஜென்ங்கிற அரசுப் பதிவேட்டுல பதியணும், வெளிநாட்டு ஆளா இருந்தா உள்ளூர் ஆய்வு நிறுவனம் ஒண்ணு கூட சேந்துதான் செய்யணும். இது தொந்தரவு இல்ல, அந்த மீனு அந்த நாட்டோட சொத்து. கடையில வாங்கின மீன வச்சு பேர் வைக்கலாமானு கேப்பாங்க. விதி தடுக்கல. ஆனா ஏற்றுமதி பண்றவரு எந்த ஓடையில பிடிச்சாருனு உங்களுக்கு எப்படி தெரியும்? ஊரு தெரியாத மீனுக்கு பேர் வச்சா, அப்புறம் வர்றவங்க அந்த மீன திரும்பத் தேடிப் போறதுக்கு வழியே இல்லாமப் போயிரும். முடிஞ்ச வரைக்கும் நீங்களே போய் பிடிங்க, இல்ல பிடிச்சவர கூட்டிட்டு போங்க.

தண்ணி வத்துற காலத்துல போறது நல்லது, மீனு சின்ன இடத்துல சேந்து நிக்கும். கைவலையும் சின்ன இழுவலையும் போதும். முள்ளு வலைக் கண்ணுல மாட்டிக்கும், இழுத்துப் பிடுங்காதீங்க, நுனி ஒடஞ்சா முள்ளோட நீளத்த அளக்கவே முடியாது. நிறைய கோரிய ஒரே பையில அடைச்சா பயந்து விசத்த விடும், அந்தத் தண்ணியிலயே எல்லாம் செத்துரும், அதனால பெரிய வாளி, குறைஞ்ச மீனு.

கரையிலயே செய்ய வேண்டியது: உயிரோட சின்ன கண்ணாடித் தொட்டியில விட்டு இடது பக்கம் தெரிய ஃபோட்டோ எடுத்துருங்க, ஆரஞ்சும் மஞ்சளும் ஆல்கஹால்ல போயிரும், கருப்பு மட்டும்தான் மிஞ்சும். அப்புறம் கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணியில மயக்கி அமைதியா சாகவிடணும். சில மீன்லேர்ந்து வலது பக்க துடுப்புத் துண்டு, இல்ல வலது பக்க சதை கொஞ்சம் எடுத்து சுத்த எத்தனால்ல டிஎன்ஏவுக்கு போடுங்க. ஏன் வலதுன்னா, அளக்குறது எண்ணுறது எல்லாமே இடது பக்கம், அத யாரும் தொடக்கூடாது. மிச்ச மீன தட்டுல துடுப்ப விரிச்சு நேரா படுக்க வச்சு 10 சதவீத ஃபார்மலின்ல விறைக்க விடுங்க, கையுறை போடுங்க, அந்த ஆவி நல்லதில்ல. சில நாள் கழிச்சு தண்ணியில கழுவி 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாத்துங்க.

லேபிள்! ஆத்தோட பேரு, எந்தப் பெரிய ஆத்துல கலக்குது, ஜிபிஎஸ், தேதி, பிடிச்சவங்க பேரு, எல்லாம் பென்சில்ல கெட்டியான பேப்பர்ல எழுதி டப்பாவுக்கு உள்ள போடணும், வெளிய ஒட்டாதீங்க. ஒரு தடவ என் கைக்கு ஒரு டப்பா வந்துச்சு, உள்ள 14 மீனு, எல்லாம் நல்லா நிமிர்ந்து அழகா இருந்துச்சு, ஆனா லேபிள சாதா பேனால எழுதியிருந்தாங்க, ஆல்கஹால் முழுக்க வெளிர் நீலம், பேப்பர் வெள்ளை வெளேர்னு இருந்துச்சு. அந்த 14 மீனையும் எதுக்குமே பயன்படுத்த முடியல. இப்பவும் அந்த நீலத் தண்ணிய நினைச்சா மனசு கஷ்டமா இருக்கும்.

அளக்குறது, எண்ணுறது

இங்கதான் நிஜமான வேலை. டிஜிட்டல் கேலிப்பர், நல்ல ஸ்டீரியோ மைக்ராஸ்கோப், பொறுமை. கவச கெளுத்திக்கு எந்தப் புள்ளியிலேர்ந்து எந்தப் புள்ளி வரைக்கும் அளக்கணும்னு ரைஸ்ங்கிற ஆய்வாளர் 1997-ல எழுதின முறையத்தான் பெரும்பாலும் பின்பத்துறாங்க, நீங்களும் அதையே பண்ணுங்க, சொந்தமா ஒரு முறை கண்டுபிடிச்சா உங்க நம்பர யாரும் பழைய நம்பரோட ஒப்பிட முடியாது. மூஞ்சி நுனிலேர்ந்து வால் துடுப்பு ஆரம்பிக்கிற இடம் வரைக்கும் இருக்குறது நிலை நீளம், உடம்பு அளவெல்லாம் அதோட சதவீதமா, தலை அளவெல்லாம் தலை நீளத்தோட சதவீதமா போடணும். மீனு 4 சென்டிமீட்டர்தான், 0.1 மில்லிமீட்டர் தப்பினாலே கண் விட்டம் மாதிரி சின்ன அளவுல சதவீதம் ஆடிரும். அதனால முதல் 5 மீன அடுத்த நாள் திரும்ப அளந்து பாருங்க, ரெண்டு நாள் நம்பரும் ஒத்துப்போகலன்னா கை இன்னும் பழகல.

தகடு எண்ணுறப்ப ஒரு உத்தி சொல்றேன். ஈரத்தோட மைக்ராஸ்கோப்ல வச்சா மேல ஒரே பளபளப்புதான் தெரியும், தகடு எங்க முடியுது அடுத்தது எங்க ஆரம்பிக்குதுனே புரியாது. மீன வெளிய எடுத்து டிஷ்யூல லேசா ஒத்தி எடுத்துட்டு சின்ன ரப்பர் பல்ப வச்சு மெதுவா காத்து ஊதுங்க. ஒரு சில வினாடிக்கு மேல்தோல் காஞ்சு ஒவ்வொரு தகட்டோட ஓரமும் கோடு போட்ட மாதிரி எழும்பி வரும், அந்த ஓரத்துல வரிசையா நிக்கிற ஊசி மாதிரி குட்டிப் பல்லு கூட தெரியும். அந்த நேரத்துல ஊசி முனைய வச்சு ஒவ்வொண்ணா நகர்த்திக்கிட்டே மேல் வரிசை, கீழ் வரிசைனு எண்ணிருங்க, எண்ணி முடிச்ச உடனே ஆல்கஹால்ல போட்டுருங்க, காய விட்டா மீனு சுருங்கிரும். மேல் வரிசை பெரும்பாலும் 20-க்கு மேலதான் இருக்கும், கீழ் வரிசை ரெண்டு மூணு குறைவா வரும்.

துடுப்புக் கதிரையும் எண்ணணும், ஆனா கோரில அது ரொம்ப மாறாது. முன்னாடி முதுகு துடுப்புல 10 இல்ல அதுக்கு மேல கதிர் இருந்தா ப்ரோக்கிஸ்னு கண்ண மூடிட்டு சொல்லிருவாங்க, 2024-க்கு அப்புறம் கதிர் குறைஞ்ச மீனுங்களும் அதே ஜீனஸுக்குள்ள வந்துருச்சு, இப்ப அந்த சாவி பூட்டுக்கு சேராது.

வெளிய பாக்கும்போதே குறிச்சு வைக்க வேண்டியது: வயித்துப் பக்கம் வெறும் தோலா இல்ல குட்டிக் குட்டி தகடு பதிஞ்சிருக்கா, மார்பு முள்ளோட பின் ஓரத்துல பல்லு எவ்ளோ நெருக்கம், அது முள்ளு நுனியப் பாத்து சாயுதா அடியப் பாத்து சாயுதா, மூஞ்சி மழுங்கலா கூரா, மீசை எவ்ளோ தூரம் வரைக்கும் வருது. ஆண் மீன கண்டுபிடிக்க குதத்துக்குப் பின்னாடி இருக்குற காம்பப் பாருங்க, ஈட்டி மாதிரி கூரா இருந்தா ஆணு.

எலும்ப பாக்குறது

எனக்கு இந்த வேலையில ரொம்பப் பிடிச்ச கட்டம் இது. எக்ஸ்ரே இருந்தா முதுகெலும்பு எண்ண போதும், மைக்ரோ சிடி இருந்தா இன்னும் நல்லது, ஆனா ரெண்டும் இல்லாத லேப்ல கூட டெய்லரும் வான் டைக்கும் 1985-ல எழுதின முறைப்படி மீன கண்ணாடி மாதிரி ஆக்கிரலாம். வலது பக்கம் கீறி குடல எடுத்துட்டு, ஆல்சியன் நீலத்துல போட்டா குருத்தெலும்பு நீலமாகும். அதுல அமிலம் இருக்கு, ரொம்ப நேரம் விட்டா எலும்புல இருக்குற சுண்ணாம்பு கரைஞ்சிரும், ஒரு நாளைக்கு மேல வைக்காதீங்க. அப்புறம் போராக்ஸ்ல அமிலத்த போக்கி, ட்ரிப்சின் நொதி வச்சு சதைய மெதுவா கரைக்கணும், கோரிக்கு தகடு மூடியிருக்குறதால மத்த மீனவிட நேரம் பிடிக்கும். அடுத்து அலிசரின் சிவப்பு, எலும்பு செக்கச் செவேல்னு ஏறும். கடைசியா கிளிசரின். மொத்தமா சில வாரம் ஆகும்.

அந்த மீன கிளிசரின்ல வச்சு அடில வெளிச்சம் குடுத்துப் பாக்கும்போது, கண்ணுக்குக் கீழ முதல் எலும்பு இருக்குல்ல, அதுலேர்ந்து கீழ ஒரு மெல்லிசான தட்டு இறங்கும், சில ஸ்பீஷீஸ்ல நல்லா அகலமா, சிலதுல ஒரு விளிம்பு அளவுக்குத்தான். கோரி பேப்பர்ல அடிக்கடி வர்ற வித்தியாசம் இது. மூஞ்சி நுனி எலும்பு குட்டையா நீளமா, முதுகு முள்ளுக்கு முன்னாடி இருக்குற பிடரித் தகடு மண்டை எலும்ப தொடுதா, மார்பு முள்ளு தோள் எலும்புல எப்படி பூட்டிக்குது, இதெல்லாம் படம் வரைஞ்சு வைங்க. ஃபோட்டோ மட்டும் போதும்னு நினைக்காதீங்க, வரையும்போதுதான் கண்ணு நிஜமாவே பாக்கும்.

டிஎன்ஏ பத்தி சுருக்கமா: சிஓஐங்கிற ஜீன்லேர்ந்து சுமார் 650 எழுத்து நீளமுள்ள துண்ட, அதாவது பார்கோட, எடுத்து பக்கத்து சொந்தங்களோட ஒப்பிடலாம், துணைக்கு நல்லது. ஆனா இந்தக் குடும்பத்துல குரோமோசோம் தொகுப்பு பல மடங்கான கிளைங்க இருக்கு, அதனால ஒரு ஜீன மட்டும் காட்டி "2 சதவீதம் வித்தியாசம், அதனால புதுசு"னு எழுதினா நான் ஏத்துக்க மாட்டேன்.

மியூசியத்துல டைப்ப பாக்குறது

உங்க மீனுக்கு பக்கத்து சொந்தம் யாருனு தெரிஞ்சிட்டா, அந்த ஸ்பீஷீஸோட பேரத் தாங்குற அசல் மீன, அதாவது ஹோலோடைப்ப, பாத்தே ஆகணும். சாவ் பாவ்லோ பல்கலைக்கழக மியூசியம், லண்டன், ஆம்ஸ்டர்டாம் சேகரிப்பு இப்ப இருக்குற லைடன்னு பல இடத்துல சிதறிக் கிடக்கு. போக முடியலன்னா காப்பாளருக்கு மரியாதையா மெயில் போடுங்க, ஃபோட்டோவும் எக்ஸ்ரேவும் அனுப்பி உதவுறவங்க நிறைய பேரு. உங்க மீனே ஏற்கனவே ஏதோ ஒரு மியூசியம் அலமாரில இருக்கவும் வாய்ப்பு உண்டு, ஒரு ஸ்பீஷீஸ் பிடிபட்டதுலேர்ந்து பேர் கிடைக்குற வரைக்கும் சராசரி 21 வருசம் ஆகுதுனு 2012-ல ஒரு ஆய்வு சொல்லுச்சு.

எழுதுறது

பேப்பரோட உயிரு டயக்னோசிஸ்ங்கிற ஒரு பத்தி. விலங்குப் பெயரிடல் விதித்தொகுப்பும் அதத்தான் கேக்குது, வித்தியாசப்படுத்திக் காட்டுற வார்த்தை இருக்கணும், இல்லாட்டி பேரே செல்லாது. அதுல "அழகான புள்ளிகள் கொண்டது"னு எழுதி பிரயோஜனம் இல்ல. எதுலேர்ந்து எது எப்படி வேறனு நேருக்கு நேர் வச்சு எழுதணும், உதாரணத்துக்கு "இந்த மீனுக்கு மார்பு முள்ளோட பல்லு நுனியப் பாத்து சாயும், பக்கத்து மீனுக்கு அடியப் பாத்து சாயும்" அப்படிங்கிற மாதிரி. படிக்கிறவரு கையில ஒரு மீன வச்சுக்கிட்டு அந்த வரியப் பாத்து முடிவு சொல்ல முடியணும்.

அடுத்து முழு விவரிப்பு, அளவு அட்டவணை, எண்ணிக்கை. ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் எத்தன மீன்னு எழுதி, ஹோலோடைப்போட நம்பருக்கு நட்சத்திரம் போடுறது வழக்கம். கலர ரெண்டா எழுதுங்க, உயிரோட இருந்தப்ப ஒண்ணு, ஆல்கஹால்ல ஒண்ணு. மேப், கூட வாழுற மீனுங்க, ஓடையோட அடி மணலா பாறையா, அழிவு அபாயம் பத்தி ஐயூசிஎன்ங்கிற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்போட அளவுகோல்படி ஒரு பத்தி. ஒரே ஒரு ஓடையில மட்டும் கிடைக்கிற அழகான கோரின்னா இடத்த எவ்ளோ துல்லியமா அச்சடிக்கணும்னு உள்ளூர் ஆளுங்களோட பேசி முடிவு பண்ணுங்க, பேப்பர் வந்த கையோட அந்த ஓடைக்கு பிடிக்கிறவங்க போயிருவாங்க.

ஹோலோடைப் ஒரே ஒரு மீன்தான். நல்லா வளந்தது, முள்ளு ஒடையாதது, இடது பக்கம் சுத்தமா இருக்குறது. கூட பாத்த மத்த மீன பாராடைப்பா அறிவிச்சு ரெண்டு மூணு மியூசியத்துக்கு பிரிச்சுக் குடுங்க, ஒரு கட்டடம் எரிஞ்சாலும் எல்லாம் போயிரக் கூடாது. 2018 செப்டம்பர்ல ரியோவோட தேசிய மியூசியம் எரிஞ்சப்ப, மீன் சேகரிப்பு தனிக் கட்டடத்துல இருந்ததாலதான் தப்பிச்சுச்சு.

பேரு

லத்தீன் தெரியாதேனு பயப்பட வேணாம், ஆனா சொல்லோட பால் (ஆண்பால், பெண்பால், பொதுப்பால்) பாக்கணும். பேரு ஒரு பண்புச் சொல்லா இருந்தா ஜீனஸோட பாலுக்கு ஒத்துப் போகணும். டார்வின் பீகிள் கப்பல்ல கொண்டு வந்து ஜெனின்ஸ் 1842-ல பேர் வச்ச கோரிடோரஸ் பேலியேட்டஸ் இப்ப ஹாப்லிசோமா பேலியேட்டம் ஆயிருச்சு, ஈனியஸ் இப்ப ஆஸ்டியோகாஸ்டர் ஈனியா. பாண்டா மாதிரி பெயர்ச்சொல்லா வச்சா மாறாது. ஆளு பேரு வைக்கிறதா இருந்தா பொதுவா ஆணுக்கு கடைசில ஐ (i), பொண்ணுக்கு ஏஇ (ae). உங்க பேர நீங்களே வச்சுக்காதீங்க. எனக்குப் பிடிச்சது அந்த ஊரோட சொந்தக்காரங்க பேரு, ரியோ டிக்கியே ஆத்துலேர்ந்து வந்த டுக்கானோ 2003-லயும், அதே மாதிரி டெசானா 2017-லயும், அந்த மண்ணோட பழங்குடி மக்கள் பேர்ல வந்தது. ரியோ மச்சாடோ பக்கத்துலேர்ந்து நெருப்பு நிறத்துல வந்த ஒண்ணுக்கு கிரேக்க நெருப்புக் கடவுள் ஹெஃபீஸ்டஸ் பேர 2016-ல வச்சாங்க, அதுவும் அழகுதான்.

பேப்பர் வர்ற வரைக்கும் புதுப் பேர ஃபேஸ்புக்லயோ போஸ்டர்லயோ போடாதீங்க. விவரிப்பு இல்லாம பேரு மட்டும் வெளிய போனா அது வெத்துப் பேரா சுத்திக்கிட்டு பின்னாடி எல்லாரையும் குழப்பும்.

வெளியிடுறது

ஜூடாக்ஸா, நியோட்ராப்பிக்கல் இக்தியாலஜி, ஜர்னல் ஆஃப் ஃபிஷ் பயாலஜி மாதிரி ஜர்னலுக்கு அனுப்பலாம். விதித்தொகுப்புல 2012-ல வந்த திருத்தத்துக்கு அப்புறம் ஆன்லைன்ல மட்டும் வர்ற பேப்பரும் செல்லும், ஆனா வெளியாகுறதுக்கு முன்னாடியே ஜூபேங்க்ங்கிற விலங்குப் பேர்ப் பதிவேட்டுல பதிஞ்சு அந்தப் பதிவு விவரம் பேப்பருக்குள்ளயே இருக்கணும். ஹோலோடைப் எந்த மியூசியத்துல, எந்த நம்பர்ல இருக்குனு தெளிவா வரணும், இது புது ஸ்பீஷீஸ்னு வெளிப்படையா சொல்லணும். மதிப்பாய்வாளர் "அந்த இன்னொரு ஸ்பீஷீஸோட ஏன் ஒப்பிடல"னு கேட்டா கோவப்படாம திரும்ப மைக்ராஸ்கோப்ல உக்காருங்க, பாதி நேரம் அவர் கேக்குறது சரியாத்தான் இருக்கும்.

வந்ததும் மியூசியத்துக்குப் போய் பழைய டப்பாவுல இருக்குற தற்காலிக லேபிள எடுக்காம, அது பக்கத்துலயே புதுப் பேரோட டைப் லேபிள போடுங்க. முதல்ல ஓடைக்கரையில பென்சில்ல எழுதின அந்த பேப்பர் உள்ளயே இருக்கட்டும். அப்புறம் பிடிச்சுக் குடுத்த ஊர் ஆளுங்களுக்கு பேப்பரோட ஒரு பிரதியும் மீனோட ஃபோட்டோவும் அவங்க மொழியில ரெண்டு வரி எழுதி அனுப்புங்க, அந்த மீனுக்கு அவங்க கூப்பிடுற பேரு என்னனு கேட்டு வாங்கியிருந்தா, அதையும் பேப்பர்ல போட்டுருக்கணும்.